எண்ணெயின் அமிலத்தை இறக்கும் தோசைக்கல்

ரப்பர் மரத்தின் காய் முற்றினால், நல்ல வெயில் நேரத்தில் படாரென்று வெடித்து விதைகளை எட்ட எறியும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தோட்டங்களுக்குள் நடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். விழுந்த விதை மழை ஈரம் ஊறிய சருகுக்குள் கிடக்கும். பொறுக்க ஆள் வருவதற்குள் சில நாள் போகும், சில இடங்களில் சில வாரமும் போகும். அந்த விதைப் பருப்பின் எடையில் சுமார் 40 சதவீதம் எண்ணெய். சமையலுக்கு ஆகாது, ஆனால் பக்குவப்படுத்தினால் டீசல் எஞ்சினுக்கு ஆகும். பக்குவப்படுத்த விடாமல் குறுக்கே நிற்பது அதிலுள்ள அமிலம்.

கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராமதாஸ், ஜெயராஜ், முரளீதரன் மூவரும் இந்த எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 17 சதவீதம். பயோடீசல் தயாரிக்கும் வழக்கமான கார முறைக்கு அது 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். கந்தக அமிலத்தைச் சேர்த்து அவர்கள் அதை இறக்கினார்கள், வேலையும் நடந்தது. இதே வேலையைத் திரவ அமிலம் ஒரு சொட்டும் கலக்காமல், எண்ணெயில் கரையாத ஒரு திடப்பொருளைக் கொண்டு செய்ய முடியுமா? முடியும். அந்தத் திடப்பொருள் எப்படி வேலை செய்கிறது, எப்போது படுத்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் தோசைக்கல் ஒன்றே போதும். அதற்கு முன், இந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

தாவர எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பிணைந்திருக்கின்றன. பிணைந்திருக்கும்வரை அவற்றுக்கு அமிலக் குணம் கிடையாது. ஈரம் பட்டதும் விதைக்குள் இருக்கும் லைபேஸ் என்னும் நொதி விழித்துக்கொள்கிறது. முளைக்கப்போகும் குருத்துக்கு உணவு வேண்டுமே, அதற்காகச் சேமிப்பிலுள்ள எண்ணெயை அது உடைக்கத் தொடங்குகிறது. தண்ணீர் மூலக்கூறு ஒன்று உள்ளே புக, சங்கிலி ஒன்று கழன்று தனியே வந்துவிடும். கழன்று வந்ததுதான் கட்டற்ற கொழுப்பு அமிலம். இலுப்பை இனத்தைச் சேர்ந்த மஹுவா விதையிலும் இதுவே நடக்கிறது. காரக்பூர் ஐஐடியில் காட்கேயும் ரஹேமானும் ஆராய்ந்த மஹுவா எண்ணெயில் இது 19 சதவீதம். பஜ்ஜி போட்டுப் போட்டுக் கறுத்த எண்ணெயில் நொதி எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் வாழைக்காயின் ஈரமும் சட்டியின் சூடும் சேர்ந்து அதே உடைப்பைச் செய்துவிடுகின்றன.

அமிலம் எவ்வளவு என்று அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூம்புக் குடுவையில் 2 கிராம் எண்ணெய், அதைக் கரைக்க ஆல்கஹால், இரண்டு மூன்று சொட்டு பினாப்தலீன். மேலே ப்யூரெட்டில் 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். சொட்டு விழும் இடத்தில் இளஞ்சிவப்பு பூக்கும், குடுவையைச் சுழற்றியதும் மறைந்துவிடும். பூத்து மறைந்து, பூத்து மறைந்து, ஏதோ ஒரு சொட்டில் நிறம் போகாமல் நிற்கும். அரை நிமிடம் நின்றால் அமிலம் தீர்ந்தது என்று பொருள். 17 சதவீத ரப்பர் விதை எண்ணெய் என்றால் அதுவரை 12 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேலே செலவாகியிருக்கும். கணக்குப் போட்டால் அமில எண் 34 வரும். அதாவது ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தை அடக்க 34 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அமில எண்ணைப் பாதியாக்கினால் ஏறத்தாழ சதவீதம் கிடைத்துவிடும். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607 அனுமதிக்கும் உச்சம் 0.5. அமெரிக்க, ஐரோப்பியத் தரங்களிலும் அதே 0.5 தான். 34 எங்கே, 0.5 எங்கே!

இந்த அமிலத்தோடு நேராகக் கார முறைக்குப் போனால் என்ன ஆகும்? சோப்பு ஆகும். சோடியம் ஹைட்ராக்சைடு எண்ணெயைக் கவனிப்பதற்கு முன்பே கட்டற்ற அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். போட்ட காரம் வீணாகும். உண்டான சோப்பு எண்ணெயையும் கிளிசரினையும் பிரியவிடாமல் கலங்கலாகக் கட்டிப் போட்டுவிடும். வேறு வழியாக, காரத்தால் கழுவி அமிலத்தை முதலிலேயே சோப்பாக்கி வெளியேற்றிவிடலாம். சமையல் எண்ணெய் சுத்திகரிப்பில் அதுதான் வழக்கம். ஆனால் 17 சதவீத எண்ணெயில் அப்படிச் செய்தால் அந்த 17-ம் போகும், சோப்போடு ஒட்டிக்கொண்டு நல்ல எண்ணெயும் கொஞ்சம் போகும். எனக்கு இது மனசுக்கு ஒப்பாத வழி. கழன்று கிடக்கும் அந்தச் சங்கிலியும் எரிபொருள்தான். அதன் நுனியிலுள்ள அமில முடிச்சை மட்டும் மாற்றிவிட்டால் அப்படியே டீசலாகிவிடும்.

மாற்றும் முறைக்கு எஸ்டராக்கம் என்று பெயர். கொழுப்பு அமிலத்தோடு மெத்தனால் சேர்ந்தால் மெத்தில் எஸ்டர் வரும், கூடவே தண்ணீர் ஒரு மூலக்கூறு வரும். அந்த மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். இரண்டையும் சும்மா கலந்து சூடாக்கினால் வினை நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும். துரிதப்படுத்த ஓர் அமில வினையூக்கி வேண்டும்.

இங்கேதான் தோசைக்கல் வருகிறது.

மாவில் இரண்டு விதமாக நாம் கைவைக்கிறோம். உப்புப் போடுகிறோம், கல்லில் ஊற்றுகிறோம். உப்பு மாவு முழுக்கக் கரைந்து ஒவ்வொரு துளியிலும் இருக்கும். தோசை வெந்த பிறகு உப்பை மட்டும் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. கந்தக அமிலம் அந்த உப்பு. கலவை முழுக்கப் பரவி வேகமாக வேலை செய்யும், விலையும் மலிவு. ஆனால் வேலை முடிந்த பிறகு அதை வெளியேற்ற வேண்டும் என்றால் சுண்ணாம்போ காரமோ போட்டு அடக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தக் கழிவுநீருக்கும் உப்புச் சகதிக்கும் வழி பார்க்க வேண்டும். சாதாரண இரும்புக் கலத்தையும் குழாயையும் அது அரித்துத் தின்னும். கல் அப்படியில்லை. மாவு வருகிறது, வேகிறது, தோசையாகப் போகிறது. கல் அடுப்பிலேயே இருக்கிறது, அடுத்த கரண்டிக்குத் தயாராக. திட வினையூக்கி அந்தக் கல். எண்ணெயும் மெத்தனாலும் மாவு. எஸ்டர் தோசை. ஆவியாகிப் போகிற ஈரம், வினையில் உண்டாகும் தண்ணீர்.

பல ஆய்வகங்களில் இருக்கும் கல்லின் பெயர் ஆம்பர்லிஸ்ட்-15. பார்வைக்குச் சாம்பல் நிறக் கசகசா மாதிரி சின்னச் சின்ன ரெசின் மணிகள். உள்ளே பாலிஸ்டைரின் பின்னல், அந்தப் பின்னல் முழுக்க ஆங்காங்கே சல்போனிக் அமிலக் கொத்துகள் உறுதியாகப் பிணைந்திருக்கும். ஒரு கிலோ மணிகளில் 4.7 மோல் அமில இடங்கள். ஒரு கிலோ கந்தக அமிலத்தில் இதைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கும். எனவே எடைக்கு எடை திடப்பொருள் பலம் குறைந்ததுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு வடிகட்டியில் மொத்தமும் நின்றுவிடும், எண்ணெயில் அமிலம் தங்காது.

கல்லின் மேல் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கொழுப்பு அமிலத்தின் நுனி ஒரு சல்போனிக் இடத்தை வந்து தொடுகிறது. அந்த இடம் தன்னிடமுள்ள புரோட்டானைக் கொழுப்பு அமிலத்தின் ஆக்சிஜனுக்குக் கடன் கொடுக்கிறது. அதனால் பக்கத்திலுள்ள கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கத் தொடங்கும். மெத்தனாலின் ஆக்சிஜன் அங்கே வந்து ஒட்டும். கொஞ்ச நேர உள்மாற்றத்துக்குப் பின் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று விழ, எஸ்டர் பிறக்கிறது. கடன் வாங்கிய புரோட்டான் கல்லுக்கே திரும்பிவிடுகிறது. அடுத்த மூலக்கூறு, மறுபடி அதே வேலை. கொடுத்ததெல்லாம் திரும்பி வருவதால்தான் கல் தீர்ந்துபோவதில்லை.

ஒப்புமை முறியும் இடம் ஒன்று உண்டு. தோசைக்கல் சூட்டைக் கொடுக்கிறது. வினையூக்கி சூடு எதுவும் கொடுப்பதில்லை, அது கலத்தைச் சுற்றியுள்ள வெந்நீர் உறையிலிருந்தோ ஆவியிலிருந்தோ வர வேண்டும். வினையூக்கி தருவது சுலபமான பாதை மட்டுமே. இன்னொன்று, வெந்த தோசை மறுபடி மாவாகாது. ஆனால் எஸ்டர் ஆகும். எஸ்டரும் தண்ணீரும் சேர்ந்து திரும்பவும் அமிலமும் மெத்தனாலும் ஆகலாம். முன்னும் பின்னும் சமமாக நடக்கும் நிலை வந்ததும், எவ்வளவு நல்ல கல்லானாலும் அமில எண் அதற்குக் கீழே இறங்காது. வினையூக்கி அந்த நிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோகும், அதைத் தாண்டிக் கொண்டுபோகாது. தாண்ட வேண்டுமானால் மெத்தனாலைத் தேவைக்கு மேல் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு வரும்? 17 சதவீத அமிலமுள்ள 100 கிலோ எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அமிலம் முழுவதும் மாறினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே தண்ணீர் உண்டாகும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் தோசை வார்க்கிறவர்களுக்குத் தெரியும், கல்லில் கையளவு தண்ணீர் தேங்கினாலே மாவு சரியாகப் பிடிக்காது. சல்போனிக் இடங்களுக்குத் தண்ணீர் மேல் தனிப் பிரியம். கொழுப்பு அமிலம் வந்து அமர வேண்டிய இடத்தில் தண்ணீர் அடுக்கடுக்காக அமர்ந்துகொள்ளும், புரோட்டானும் தண்ணீரோடு சேர்ந்து வீரியம் குறையும். முதல் அரை மணியில் விறுவிறுவென்று இறங்கிய அமில எண் பிறகு தவழ ஆரம்பிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதனால் ஒரே தடவையில் முடிக்காமல், பாதியில் நிறுத்தித் தண்ணீர் கலந்த மெத்தனாலைப் பிரித்து எடுத்துவிட்டு, புது மெத்தனாலோடு இரண்டாம் சுற்று விடுவது பல இடங்களில் பின்பற்றும் வழி.

எண்ணெய் ஏறிப் பழகிய கல்லில் தண்ணீர் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். அப்படிப்பட்ட வினையூக்கி கிடைத்தால் எப்படி இருக்கும்! புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் தர்பா ஸ்ரீநிவாஸ், பால் ரத்னசாமி குழுவினர் 2006 வாக்கில் வெளியிட்ட வேலை இதைத்தான் காட்டியது. இரும்பும் துத்தநாகமும் சேர்ந்த இரட்டை உலோக சயனைடு அவர்களுடைய வினையூக்கி. அதன் மேற்பரப்புக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகும். அதனால் தண்ணீரும் கட்டற்ற அமிலமும் உள்ள மலிவு எண்ணெயிலும் அது ஓடியது. அமிலத்தை எஸ்டராக்குவதையும் எண்ணெயை எஸ்டராக்குவதையும் ஒரே கலத்தில் செய்தது. ஆனால் அதற்கு மெத்தனாலின் கொதிநிலையான 65 டிகிரியை வெகுவாகத் தாண்டிய சூடு வேண்டும், எனவே அழுத்தம் தாங்கும் கலமும் வேண்டும். இந்தத் துறையில் நம் நாட்டு ஆய்வகங்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

அடுத்தது குழியின் அளவு. தோசைக்கல் தட்டை, ஆனால் வினையூக்கிக்கு வேலை பெரும்பாலும் உள்துளைகளில் நடப்பதால் இங்கே பணியாரக்கல்லை நினைத்துக்கொள்வது பொருத்தம். குழி சின்னதாக இருந்தால் மாவு இறங்காது. ஜியோலைட்டுகள் அருமையான திட அமிலங்கள், பெட்ரோலிய ஆலைகள் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. 18 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலம் அதற்குள் திக்கித் திணறித்தான் நுழையும், மூன்று சங்கிலி கொண்ட எண்ணெய் மூலக்கூறு நுழையவே நுழையாது. உள்ளே எத்தனை அமில இடம் இருந்தும் பயனில்லை. ஆம்பர்லிஸ்ட்-15 போன்றவற்றில் துளைகள் பெரிது. ஒரு கிராம் மணிக்குள் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது, அதுவும் நுழைந்து வெளியேறக்கூடிய பரப்பு. ஆனால் அதை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது.

பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் முட்டை ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி பயோடீசல் வினையூக்கி என்று வைப்பதைப் பார்க்கிறோம். நல்ல முயற்சி, ஆனால் எந்த எண்ணெய்க்கு என்று கேட்க வேண்டும். கால்சியம் ஆக்சைடு திடக் காரம். அமிலம் குறைந்த சுத்தமான எண்ணெயில் அது ஓடும். 17 சதவீத எண்ணெயில் போட்டால் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் சோப்பாகிவிடும், வினையூக்கி என்ற பெயரே போய்விடும். பிரான்சில் செத் துறைமுகத்தில் 2006-இல் தொடங்கிய பெரிய ஆலை துத்தநாக அலுமினேட் என்ற திட வினையூக்கியில் ஓடியது. அதற்கும் அமிலம் நீக்கிய எண்ணெய்தான் வேண்டியிருந்தது. திட வினையூக்கி என்றாலே அமிலத்தைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி, கல் எப்படிக் கெடுகிறது என்பது. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

கல்லில் கருகல் படிவதைப் போல, எண்ணெயிலுள்ள பசையும் பாஸ்பரஸ் கலந்த பிசுக்கும் மணிகளின் துளைகளை அடைக்கும். முன்கூட்டியே எண்ணெயிலுள்ள பசையை நீக்கிவிட்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம், படிந்ததை மெத்தனாலால் கழுவியும் எடுக்கலாம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் செய்வது கண்ணுக்குத் தெரியாத கேடு. அவை சல்போனிக் இடத்தில் உட்கார்ந்து புரோட்டானைத் துரத்திவிடும். மணி பார்க்க அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. உணவகங்களில் பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. அந்த எண்ணெயோடு வரும் நீர்த்துளிகளில் வடையின் உப்பும் பஜ்ஜியின் சோடா மாவும் கரைந்திருக்கும். எனவே முதலில் நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, வடிகட்டிய பிறகே மணிகளுக்குக் கொடுக்க வேண்டும். அயனி பிடித்துப் போன மணியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால் புரோட்டான் திரும்பும். வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்ப்பதைப் போல.

கேடுகளில் மோசமானது பூச்சு உரிவது. நான்ஸ்டிக் கல்லில் பூச்சு உரிந்தால் முதல் சில தோசை அருமையாகத்தான் வரும். உரிந்தது தோசையோடு போகும், பிறகு கல் வெறும் தகடு. திட வினையூக்கியிலிருந்து அமிலக் கொத்துகள் கழன்று மெத்தனாலில் கரைந்தால் வினை பிரமாதமாக நடக்கும். ஏனென்றால் அப்போது வேலை செய்வது கரைந்த அமிலம், கல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சல்பேட் ஏற்றிய சிர்க்கோனியா என்னும் திட அமிலத்துக்கு இந்தக் குறை உண்டு. 2005-இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மிச்சிகாசு ஹாரா குழுவினர் சர்க்கரையை 400 டிகிரிக்கு மேல் சுட்டு, முழுக் கரியாக விடாமல் நிறுத்தி, கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தி ஒரு திட அமிலம் செய்தார்கள். சர்க்கரையிலிருந்து வினையூக்கி என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. அதைத் தொடர்ந்து தேங்காய்ச் சிரட்டை, உமி, கரும்புச் சக்கை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கரியாக்கி ஆய்வுகள் வந்தன. செலவு குறைவு, மூலப்பொருள் நம் வாசலில் கிடக்கிறது. ஆனால் இந்த வகைக் கரியிலிருந்து சல்போனிக் கொத்து ஒட்டிய சிறு துண்டுகள் கழன்று திரவத்தோடு போவதைப் பின்னால் வந்த ஆய்வுகள் கண்டன.

உரிகிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. வினை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சூடு ஆறுவதற்குள் மணிகளை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். மிஞ்சிய திரவத்தை அதே சூட்டில் மேலும் ஒரு மணி நேரம் வைத்து அமில எண்ணை மறுபடி பார்க்க வேண்டும். எண் நின்ற இடத்திலேயே நின்றால் வேலை செய்தது கல். கல்லிலிருந்து எடுத்த பிறகும் மாவு வெந்துகொண்டே போனால், அதாவது அமில எண் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டே இருந்தால், பூச்சு உரிந்து திரவத்தில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆலையில் இந்த மணிகளைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உயரமான குழாய்க்குள் நிரப்பி, எண்ணெயும் மெத்தனாலும் ஒரு முனையில் புகுந்து மறு முனையில் வெளியேறும்படி விடலாம். நாள் முழுக்க அடுப்பிலிருந்து இறங்காத ஓட்டல் கல் மாதிரி, நிறுத்தாமல் ஓடும். வெளியே வரும் எண்ணெயில் கட்டற்ற அமிலம் 2 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் மெத்தனாலையும் தண்ணீரையும் பிரித்துவிட்டு வழக்கமான கார முறைக்கு அனுப்பலாம். வீட்டு அடுப்பில் இதை யாரும் முயல வேண்டாம். மெத்தனால் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியும் நஞ்சு, வயிற்றுக்குள் போனால் கண்ணைப் பறிக்கும்.

வாரத்துக்கு ஒரு பீப்பாய் செய்கிற சிறு கூடத்துக்கு இன்றும் கந்தக அமிலம்தான் கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு. வரும் எண்ணெயைக் கழுவி உலர்த்த வசதியுள்ள, இரவு பகலாக ஓடும் ஆலைக்குத் திட அமிலம் பொருந்தும். கழிவுநீர்ச் செலவை ஒழுங்காகக் கணக்கில் எழுதினால் தராசு இன்னும் அந்தப் பக்கம் சாயும். எந்த வழியாக இருந்தாலும் விதையைப் பொறுக்கிய அன்றே காயப்போட்டால் அமிலத்தில் ஒரு பகுதி உருவாகவே உருவாகாது. தோட்டக்காரர்கள் இதற்கு ஒரு சிமெண்டுக் களம் ஒதுக்க வேண்டும்.

இந்தத் துறையில் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் 95 சதவீத மாற்றம் கிடைத்தது என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அதே மணிகளை வடித்தெடுத்து இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது சுற்றும் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றின் அமில எண்ணையும், சூட்டோடு வடிகட்டிய சோதனையின் முடிவையும் சேர்த்தே எழுதுங்கள். எண் மோசமாக வந்தாலும் எழுதுங்கள். ஆலை வைக்கப்போகிறவர் முதலில் தேடுவது அந்த ஐந்தாவது எண்ணைத்தான்.